துறைமுகம் பக்கத்தில்தான், டிக்கெட் எங்கே? சொகுசுக் கப்பல் பற்றி வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் கப்பலைப் பார்க்காதவர் கிடையாது. வீட்டில் ஒருவராவது ஹார்பரில் வேலை பார்த்திருப்பார். இல்லாவிட்டால் 'கப்பலுக்குப் போற' மாமா ஒருவர் இருப்பார். ஆனால் காசு கொடுத்துப் பயணியாக ஏறுவது என்று வந்தால் ஆயிரம் சந்தேகம். டிக்கெட் போட்டுக் கொடுக்கிற எங்களிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறோம். டிக்கெட் விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் அதை மட்டும் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னை துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் போகிறதா?

போகிறது, ஆனால் வருஷம் முழுக்க இல்லை. கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலை 2022 ஜூன் 4ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இங்கே கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். அடுத்த வருஷம் ஜூன் 5ஆம் தேதி அதே கப்பல் இலங்கைக்குக் கிளம்பியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்றும் அந்த வழியில் இருந்தன.

ஏன் ஜூன்? தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் மும்பைப் பக்கம் அரபிக்கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் கப்பலை இந்தப் பக்கம் கொண்டு வருவார்கள். நம்ம ஊரில் ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் மறுபடி மும்பைக்குப் போய்விடும். ஆகவே 'தீபாவளிக்குக் கப்பல் இருக்கா?' என்று கேட்டால், சென்னையிலிருந்து இருக்காது என்றுதான் எங்கள் பதில். ஒவ்வொரு வருஷமும் கால அட்டவணை புதிதாக வரும், போன வருஷத்து நோட்டீஸை வைத்துக்கொண்டு லீவு போட்டுவிடாதீர்கள்.

அது புதுக் கப்பலா?

இல்லை. 1990இல் பிரான்சின் சான் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் கட்டியது. அப்போது பெயர் 'நோர்டிக் எம்பிரஸ்', பிறகு ராயல் கரீபியன் நிறுவனத்தில் 'எம்பிரஸ் ஆஃப் த சீஸ்'. சுமார் 800 அறைகள். பழைய கப்பல் என்பது குறையில்லை, நன்றாகத்தான் பராமரிக்கிறார்கள். ஆனால் யூடியூபில் வருகிற பிரம்மாண்டத்தை, அந்தத் தண்ணீர்ச் சறுக்கையும் நடுவில் இருக்கிற பூங்காவையும் மனதில் வைத்துக்கொண்டு ஏறினால் முதல் நாளே முகம் சுருங்கிவிடும். அந்த வீடியோக்கள் பெரும்பாலும் 'ஐகான் ஆஃப் த சீஸ்' போன்ற கப்பல்களுடையவை. அது எம்பிரஸைப்போல ஐந்து மடங்கு பெரியது.

'பிரீமியம்', 'லக்சுரி' என்று போடுகிறார்களே, என்ன வித்தியாசம்?

விளம்பரத்தில் எல்லாக் கப்பலுமே லக்சுரிதான். தொழிலில் இருப்பவர்கள் மூன்று தட்டாகப் பிரிப்பார்கள். குடும்பம் குழந்தை குட்டியோடு போகிற பொதுவான கப்பல்கள் ஒரு தட்டு. ராயல் கரீபியன், சிங்கப்பூரிலிருந்து போகிற ஜென்டிங் ட்ரீம் இதில் வரும். செலிபிரிட்டி, பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா போன்றவை பிரீமியம். சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட் செவன் சீஸ் போன்றவை லக்சுரி.

பெயரை நம்பாமல் நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கப்பலின் மொத்த டன் அளவைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். இந்த 'டன்' எடையைக் குறிப்பதில்லை, கப்பலுக்குள் இருக்கிற இடத்தின் அளவு. எம்பிரஸ் 48,563 டன், அறைக்கு இருவர் என்றால் சுமார் 1,600 பேர். ஒருவருக்கு 30. ஐகான் ஆஃப் த சீஸ் 2,48,663 டன், சுமார் 5,600 பேர். ஒருவருக்கு 44. ரீஜென்டின் செவன் சீஸ் எக்ஸ்ப்ளோரர் 55,254 டன்தான், ஏறக்குறைய எம்பிரஸ் அளவு. ஆனால் ஏறுவது 750 பேர். ஒருவருக்கு 74. ஒரே மண்டபத்தில் ஆயிரத்து அறுநூறு பேருக்குப் பந்தி போடுவதற்கும் எழுநூற்றைம்பது பேருக்குப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது. அந்த 750 பேரைக் கவனிக்க சுமார் 550 ஊழியர்கள். லிப்டுக்குக் காத்திருக்க வேண்டாம், நீச்சல் குளத்துப் பக்கம் நாற்காலிக்குத் துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டாம். லக்சுரி என்று வாங்குகிற காசு முக்கால்வாசி இதற்குத்தான் போகிறது.

நடுவில் இருக்கிற பிரீமியம் தட்டில் இடவசதி பெரிதாகக் கூடாது. செலிபிரிட்டி எட்ஜ் கப்பலைக் கணக்குப் போட்டாலும் ஏறக்குறைய ஐகான் எண்ணிக்கையே வரும். அங்கே கூடுவது சாப்பாட்டின் தரமும் அமைதியும். மைக்கில் அறிவிப்பு குறைவு, பிள்ளைகள் கூட்டம் குறைவு. அறுபது வயதுக்கு மேற்பட்ட தம்பதிகளுக்கு நாங்கள் இதைத்தான் சொல்வோம். பத்து வயதுப் பையனோடு போகிறவர்களுக்குச் சொல்ல மாட்டோம். அவனுக்குப் போரடிக்கும், உங்களைச் சும்மா விடமாட்டான்.

எந்த அறை எடுக்கலாம்? பால்கனி அவசியமா?

சென்னையிலிருந்து இரண்டு ராத்திரி போய்வர பால்கனி எடுப்பது வீண். முதல் நாள் ஏறவே மதியம் தாண்டிவிடும். மூன்றாம் நாள் காலையில் இறக்கிவிடுவார்கள். நடுவில் நீங்கள் அறையில் இருக்கப்போவது தூங்கும் நேரம் மட்டும். ஜன்னல் இல்லாத உள் அறை போதும். மிச்சப்படுகிற காசில் இன்னொரு தடவை கூடப் போய்வரலாம்.

அலாஸ்காவுக்கோ நார்வேக்கோ போகிறீர்கள் என்றால் தலைகீழ். அங்கே பார்க்க வேண்டியதே கப்பல் போகிற வழிதான். ஸ்வெட்டரோடு பால்கனியில் உட்கார்ந்து பனிமலையைப் பார்க்கிற சுகத்துக்காகவே அவ்வளவு தூரம் போகிறோம், அதில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

உள் அறையில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. பல கப்பல்களில் டிவியில் கப்பலின் முன்பக்கக் காமிரா ஓடுகிற ஒரு சானல் இருக்கும். ஒலியை நிறுத்திவிட்டு அதை ஓடவிட்டுத் தூங்கினால், சூரியன் எழும்போது அறையிலும் மெல்ல வெளிச்சம் வரும். ஜன்னல் அறைக்கு ஆகிற செலவு இல்லாமல் ஜன்னல்.

இடம் எது என்பதும் முக்கியம். ஆட்டம் ஆகாதவர்கள் நடுப்பகுதியில் கீழ்த்தளம் கேளுங்கள். கப்பலின் மூக்கும் வாலும்தான் அதிகம் ஏறி இறங்கும். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே இருக்கிற அறை வேண்டாம், விடிகாலையிலேயே நாற்காலி இழுக்கிற சத்தம் தலைக்கு மேல் கேட்கும். 'கியாரண்டி' என்று விலை குறைத்துக் கொடுக்கிற டிக்கெட்டில் வகை மட்டும்தான் உறுதி, எந்த அறை என்று கப்பல் கம்பெனிதான் முடிவு செய்யும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள் அதை எடுக்காதீர்கள். லிப்டிலிருந்து நூறு அடி தள்ளி அறை கொடுத்தாலும் வாய் பேச முடியாது.

போட்டிருக்கிற விலை மட்டும்தானா, மேலே ஏதாவது வருமா?

வரும். நாங்கள் எல்லாரிடமும் சொல்வது இது ஒன்றுதான்: ஏறும்போது கொடுக்கிற விலையைப் பார்க்காதீர்கள், இறங்கும்போது மொத்தம் எவ்வளவு ஆகியிருக்கும் என்று பாருங்கள். இரண்டு கப்பலை ஒப்பிட அதுதான் சரியான கணக்கு.

முதலில், விளம்பர விலை ஒருவருக்கு, அதுவும் அறையில் இருவர் இருந்தால். தனியாகப் போனால் பெரும்பாலும் இரண்டாவது ஆளுக்கான கட்டணத்தில் பெரும்பகுதியை, சில சமயம் முழுவதையும், நீங்களே கட்ட வேண்டும். துறைமுகக் கட்டணமும் வரியும் தனி.

அடுத்தது டிப்ஸ். அமெரிக்கக் கம்பெனிக் கப்பல்களில் இது தலைக்கு, நாளுக்கு என்று தானாகவே பில்லில் ஏறும். ஏறக்குறைய 15 முதல் 20 டாலர். 18 டாலர் என்று வைத்தால், நாலு பேர் குடும்பத்துக்கு ஏழு ராத்திரிக்கு 504 டாலர். சில கம்பெனிகளில் கைக்குழந்தைக்கும் உண்டு என்பதைப் பல பேர் பில் வந்த பிறகுதான் பார்க்கிறார்கள்.

சாப்பாடு டிக்கெட்டில் அடக்கம். குளிர்பானம், மது, நல்ல காபி, தனி உணவகங்கள், வைஃபை, ஸ்பா, கரையில் சுற்றிப் பார்ப்பது எல்லாம் தனி. கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது, அறைச் சாவியாக இருக்கிற அட்டையையே நீட்டுவீர்கள். காசு கைமாறாததால் செலவு செய்கிற உணர்வே இருக்காது. அறை டிவியிலோ ஆப்பிலோ தினமும் ராத்திரி கணக்கைப் பாருங்கள். தப்பாக ஏறியிருந்தால் அன்றைக்கே வரவேற்பு மேசையில் சொன்னால் எடுத்துவிடுவார்கள். கடைசி நாள் காலையில் அந்த மேசை முன்னால் நிற்கிற வரிசையைப் பார்த்தால் பாதிப் பேர் 'போகட்டும்' என்று விட்டுவிடுவார்கள்.

லக்சுரிக் கப்பல்களில் டிப்ஸ், மது, வைஃபை, சிலவற்றில் கரைச் சுற்றுலா வரை எல்லாம் உள்ளடக்கம். அதனால்தான் முதல் பார்வையில் விலை மயக்கம் வருகிறது. குடிக்கிற பழக்கம் இல்லாத குடும்பத்துக்கு அது லாபமான கணக்கு இல்லை. அடுத்தவர் குடிக்கிற ஒயினுக்கும் சேர்த்து நீங்கள் கட்டுவீர்கள்.

வெளிநாட்டுப் பயணத் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ், அதாவது விற்பவரே உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டுகிற வரி, பிடிப்பார்கள். விகிதத்தை பட்ஜெட்டில் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், வாங்குகிற அன்றைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். இது போனது போனதுதான் என்று நினைக்க வேண்டாம். உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம்.

எப்போது புக் பண்ணினால் விலை குறையும்?

கடைசி நேரத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது விசா தேவைப்படாதவர்களுக்கான யோசனை. நம் பாஸ்போர்ட்டுக்கு விசா கைக்கு வருவதற்குள் அந்தக் கப்பல் போயே போய்விடும். வெளிநாட்டுப் பயணம் என்றால் ஆறு மாதம், ஒரு வருஷம் முன்னாலேயே முன்பணம் கட்டி வையுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை உலகம் முழுக்கவே சலுகைகள் விடுகிற காலம். பாக்கிப் பணம் கட்டக் கடைசித் தேதி பெரும்பாலும் கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பு வரும். அந்தத் தேதிக்குள் விலை இறங்கினால் இறங்கிய விலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், பல கம்பெனிகள் செய்கின்றன. தேதி தாண்டி ரத்து செய்தால் பிடித்தம் படிப்படியாக ஏறி, கடைசி இரண்டு வாரத்தில் டிக்கெட் காசில் பெரும்பாலும் ஒரு பைசா வராது.

சென்னைக் கப்பல் என்றால் வெள்ளிக்கிழமை கிளம்புவதை விட்டுவிட்டு வாரநாள் பாருங்கள்.

ஏஜென்டிடம் போடலாமா, ஆன்லைனில் நாமே போடலாமா?

நாங்களே ஏஜென்ட், பதிலை அதை மனதில் வைத்துப் படியுங்கள். விலை பெரும்பாலும் ஒன்றுதான், கமிஷனைக் கப்பல் கம்பெனி கொடுக்கிறது. யாரிடம் போட்டாலும் பணம் கட்டிய அன்றே கப்பல் கம்பெனி தருகிற புக்கிங் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஏஜென்சி ரசீது எண் வேறு, அது போதாது. அந்த எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் உங்கள் பெயரும் அறை வகையும் வரவேண்டும். 'இன்னும் ரெண்டு நாள்ல வந்துரும் சார்' என்று இழுத்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

பெயர் விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல். ஆதாரில் 'க. செல்வி' என்று இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். விமான டிக்கெட்டில் மூன்றாவது விதமாக ஒன்று. வெளிநாட்டுக் கப்பலுக்குப் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் இருப்பதுபோலவே, எழுத்துக்கு எழுத்து, போட வேண்டும். முன்கூட்டிச் சொன்னால் திருத்துவது எளிது. துறைமுகத்தில் போய் நின்று 'இது எங்க நைனா பேருதான் மேடம்' என்று விளக்குவது எளிதில்லை.

என்னென்ன ஆவணம் வேண்டும்?

இந்தியத் துறைமுகங்களுக்குள்ளேயே போய்வந்தால் ஆதார் போன்ற அரசு அடையாள அட்டை போதும். இலங்கை உட்பட எந்த வெளிநாட்டுக்கும் பாஸ்போர்ட், திரும்பி வந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஏறி மலேசியா போய்விட்டுத் திரும்பச் சிங்கப்பூரிலேயே இறங்குவதால், பலமுறை நுழையும் விசா தேவை. ஒரே ஊருக்குத்தானே போகிறோம் என்று ஒருமுறை விசாவில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. மத்தியதரைக் கடல் பயணத்துக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவும் அப்படித்தான். அலாஸ்கா போகும் கப்பல் பல கனடாவில் கிளம்பும் அல்லது அங்கே நிற்கும், ஆகவே அமெரிக்கா, கனடா இரண்டு விசாவும் வேண்டும்.

துறைமுகத்துக்கு எப்படிப் போவது? எவ்வளவு நேரம் முன்னாடி?

பயணிகள் முனையம் சென்னை துறைமுகத்துக்குள்ளேயே, ராஜாஜி சாலைப் பக்கம். எந்த கேட் வழியாக விடுவார்கள் என்பது டிக்கெட்டில் இருக்கும். துறைமுகத்தில் கேட் பல, ஒன்றுக்கு ஒன்று நல்ல தூரம், காசிமேடு பக்கத்து கேட்டில் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை எப்படி இருக்கும் என்று நாங்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள் விம்கோ நகரில் மெட்ரோ பிடித்து மண்ணடியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ வைத்தால் நிம்மதி.

வீட்டிலேயே வெப் செக்-இன் செய்துவிட்டு, பெட்டிக்கு அட்டை கட்டிக்கொண்டு போங்கள். பெரிய பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அது உங்கள் அறைக்கு வரச் சாயங்காலம் ஆகிவிடும். ஆகவே மாத்திரை, பாஸ்போர்ட், கண்ணாடி, மாற்று உடை ஒன்று எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், கத்தி ஸ்கேனில் பிடிபடும். வீட்டில் கட்டிய புளிசாதத்துக்கும் அனுமதி இல்லை. பாக்கெட் பிரிக்காத முறுக்கு, பிஸ்கட் பரவாயில்லை.

ஏறினதும் ஏதோ டிரில் என்கிறார்களே, போகாமல் இருக்கலாமா?

கூடாது. ஆபத்து வந்தால் எந்த உயிர்காப்புப் படகுப் பக்கம் போய்க் கூட வேண்டும் என்று காட்டுகிற பயிற்சி அது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியிருந்த பயணிகளுக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடத்தப்படவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்புவதற்கு முன்னாலோ கிளம்பியவுடனோ நடத்தியே ஆக வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். உங்கள் படகு நிலையம் எது என்று பிள்ளைகளுக்கும் நடந்து காட்டிவிடுங்கள்.

சைவம், ஜெயின், ஹலால் கிடைக்குமா?

சௌகார்பேட்டையிலிருந்தும் மண்ணடியிலிருந்தும் முதல் கேள்வியே இதுதான். இந்தியக் கப்பலில் சைவத்துக்கும் ஜெயின் சாப்பாட்டுக்கும் பஞ்சமே இல்லை. சிங்கப்பூர்க் கப்பல்களிலும் இந்தியர் கூட்டம் அதிகம் என்பதால் ஏற்பாடு இருக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்கக் கப்பல்களில் புக் பண்ணும்போதே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். ஏறிய பிறகு முதல் ராத்திரியே பெரிய உணவகத்தில் தலைமைப் பரிமாறுபவரைப் பார்த்துச் சொல்லுங்கள். மறுநாள் மெனுவை முந்தின ராத்திரியே காட்டிக் கேட்டுக்கொள்வார்.

பஃபேயில் முண்டியடிப்பதைவிட இந்தப் பெரிய உணவகத்தில் உட்காருங்கள். நேரம் குறித்து இடம் ஒதுக்குகிற கப்பல்களில் தினமும் ஒரே மேசை, ஒரே ஆள். இரண்டாம் நாள் உங்களுக்குக் காரம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், மூன்றாம் நாள் கேட்காமலேயே பச்சைமிளகாய் நறுக்கி ஒரு கிண்ணத்தில் வரும். ஒரு ஐட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறு கேட்கலாம், இரண்டு கேட்டாலும் காசு கிடையாது. மீன் மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். காசிமேட்டில் ஏலத்திலிருந்து நேராக வஞ்சிரம் வாங்கித் தின்றவருக்கு, உறைய வைத்த சால்மனை எந்த சாஸில் போட்டுக் கொடுத்தாலும் ஏறாது.

சர்வீஸ் உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருக்குமா?

இருக்கும். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. உங்கள் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டூவர்ட் மாதக்கணக்கில் நீளும் ஒப்பந்தத்தில் வந்திருப்பார். வார லீவு என்று ஒன்று கிடையாது, தினம் பத்து மணி நேரத்துக்குக் குறையாத வேலை. நம் ராயபுரம், பெரம்பூர்ப் பையன்கள் பல பேர் இந்த வேலைக்குத்தான் போகிறார்கள். பெயர்ப் பட்டையில் 'இந்தியா' என்று பார்த்தால் 'எந்த ஊரு தம்பி?' என்று கேட்டுப் பாருங்கள்.

குறை இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். ஏசி குளிரவில்லை, குழாய் சொட்டுகிறது என்றால் உடனே ஆள் வரும். இறங்குகிற அன்று சொன்னால் மன்னிப்பு மட்டும்தான் கிடைக்கும். தானாகப் பிடித்த டிப்ஸுக்கு மேல் யாருக்காவது கொடுக்க மனசு வந்தால் கையில் கொடுங்கள், அதோடு கருத்துப் படிவத்தில் அவர் பெயரை எழுதிவிட்டு வாருங்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கு அது அவருக்கு உதவும்.

வாந்தி வருமா?

பெரிய கப்பல்களில் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் துடுப்புபோல நிலைப்படுத்திகள் நீட்டிக்கொண்டிருக்கும், பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாகக் குறைத்துவிடும். அப்படியும் சிலருக்கு ஆகாது. அவோமின் போன்ற மாத்திரையைத் தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போடுவதில் பலன் குறைவு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு முன்னாலேயே போட வேண்டும். வெளித்தளத்துக்கு வந்து தூரத்துக் கடல் கோட்டைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். வெறும் வயிறும் ஆகாது.

வயதான அம்மா, கர்ப்பிணி, கைக்குழந்தை போகலாமா?

பயணம் முடிவதற்குள் 24ஆவது வாரம் தொடங்கிவிடும் என்றால் பெரும்பாலான கம்பெனிகள் கர்ப்பிணிகளை ஏற்றாது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், பெருங்கடல் கடக்கும் நீண்ட பயணங்களுக்கு ஒரு வயது.

அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். பெட்டியைக் கட்டி அவிழ்க்காமல் நாலு ஊர் பார்ப்பது பெரியவர்களுக்கு இதில் மட்டும்தான் முடியும். வீல்சேர் அறை எண்ணிக்கை குறைவு, முன்னாலேயே கேளுங்கள். சில ஊர்களில் கப்பல் கரை அணையாது, நடுக்கடலில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் ஆட்களை இறக்குவார்கள், அங்கே வீல்சேர் சிரமம். இன்சுலினுக்கு அறையில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் ஒரு காய்ச்சலுக்கே பில் டாலரில் வரும். நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டு போக நேர்ந்தால் அதற்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிற காப்பீடுதான் எடுக்க வேண்டும். சாதாரண மெடிக்ளைம் செல்லாது.

போட்டிருந்த ஊருக்குக் கப்பல் போகவில்லை என்றால்?

ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும்: வானிலை, பாதுகாப்பு, அரசு அனுமதி எதுவானாலும் ஒரு துறைமுகத்தை விட்டுவிடக் கம்பெனிக்கு உரிமை உண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கப்பலைப் புதுச்சேரி அரசு கரையிறங்க விடவில்லை, உள்ளே இருக்கிற சூதாட்ட கூடத்துக்கு எதிர்ப்புக் கிளம்பியதுதான் காரணம். இப்படி ஆனால் அந்த ஊருக்கான துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்ப வரும். ஒரே ஓர் ஊருக்காக மட்டும் கப்பல் டிக்கெட் எடுக்காதீர்கள், அந்த ஊருக்கு நேராகவே போய்விடுங்கள்.

கரையில் இறங்கினால் கப்பல்காரர்களோடுதான் சுற்ற வேண்டுமா?

கட்டாயமில்லை. கம்பெனிச் சுற்றுலா விலை அதிகம், ஆனால் அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாக வண்டி பிடித்துப் போய்த் தாமதமானால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தக் காசில் போய்ச் சேர வேண்டும். காங்கேசன்துறை போன்ற இடத்தில் நாமே போவது எளிது: கீரிமலை பக்கத்தில்தான், நல்லூர்க் கந்தசுவாமி கோவிலும் யாழ்ப்பாண நூலகமும் அரை நாளில் முடியும், மொழியும் நம் மொழி. திருகோணமலையில் கோணேஸ்வரம். அம்பாந்தோட்டையில் இறங்கிக் கதிர்காமம் போக ஆசைப்படுகிறவர்கள் கப்பல் நிற்கிற நேரத்தை நன்றாகக் கணக்குப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கப்பல் கடிகாரமும் கரைக் கடிகாரமும் சில நாடுகளில் வேறுபடும், கப்பல் நேரமே நேரம்.

போன் வேலை செய்யுமா?

கரையை விட்டதும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். கப்பலுக்கென்று தனி நெட்வொர்க் இருக்கிறது, தெரியாமல் அதில் ஒட்டிக்கொண்டால் ரோமிங் பில் டிக்கெட் விலையை விசாரிக்கும்.

கோட் சூட் வேண்டுமா?

ஒன்றிரண்டு ராத்திரிக்கு நல்ல உடை கேட்பார்கள். பட்டுப்புடவை எந்தக் கப்பலிலும் எடுபடும், வெள்ளைக்காரம்மாக்கள் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். லுங்கி அறைக்குள் மட்டும்.

எங்க தாத்தா ரஜூலா கப்பலில் பினாங்கு போனார். அந்த மாதிரி இப்போது இல்லையா?

இல்லை. ரஜூலா 1926இலிருந்து 1970களின் தொடக்கம் வரை மெட்ராஸ், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதற்குப் பிறகு சிதம்பரம் என்ற கப்பல். 1980களின் நடுவில் அதில் தீப்பிடித்தது, அதோடு முடிந்தது. பெரும்பாலோர் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள், பிழைக்கப் போன பயணம் அது.

இன்றைக்கும் டிக்கெட் எடுத்து அப்படிப் போக வேண்டும் என்றால் அந்தமான் கப்பல் இருக்கிறது. ஷிப்பிங் கார்ப்பரேஷன் நடத்துகிறது, போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சேர ஏறக்குறைய மூன்று நாள். பங்க் (அடுக்குப் படுக்கை) வகுப்பிலிருந்து டீலக்ஸ் அறை வரை உண்டு. நீச்சல் குளம், நடனம், ஸ்பா எதுவும் எதிர்பார்க்காதீர்கள். கடலை மட்டும் பார்க்க வேண்டும், செலவும் குறைவாக இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு அதைச் சொல்கிறோம். எங்களுக்கு அதில் கமிஷன் எதுவும் இல்லை.

பையனுக்குச் சொகுசுக் கப்பலில் வேலை வாங்கித் தருவீர்களா?

மாட்டோம், அது எங்கள் தொழில் இல்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கப்பலுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சிக்கு மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் கொடுத்த ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்க வேண்டும். உரிம எண் இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். உரிமம் உள்ளவர்கள் வேலை வாங்கித் தருவதற்காகப் பையனிடம் பணம் வாங்கக் கூடாது. பயிற்சிக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, சிடிசி என்கிற கப்பல் பணியாளர் புத்தகச் செலவு தனி, அவற்றுக்கு முறையான ரசீது வரும். 'சீட் உறுதி, ரெண்டு லட்சம் ரெடி பண்ணுங்க' என்று யாராவது சொன்னால் சர்டிபிகேட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.